தென்கடலின் வெள்ளைக் கோடு: சிங்கப்பூர், பாலி, ஆறு நாள்

நவம்பர் 6, வியாழன். சிங்கப்பூர்

காசு மாற்றியதும் கைக்கு வரும் நீல நிற ஐம்பது வெள்ளி நோட்டைச் செலவழிப்பதற்கு முன் ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓவியங்கள் அச்சாகியிருக்கும். ஒன்றில், கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன்கள், அதாவது வாலில்லாக் குரங்குகள். சென் வென் ஷி வரைந்தது. இன்னொன்று கருவாடு காயப்போடும் காட்சி. சியோங் சூ பியெங் 1978-ல் வரைந்தது. முன்னவர் குவாங்டோங் மாகாணத்து ஜியெயாங்கில் 1906-ல் பிறந்தவர், பின்னவர் 1917-ல் சியாமெனில் பிறந்தவர். இருவரும் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களுடைய ஓவியத்தைத்தான் இந்த ஊரில் தினமும் கோழிச் சோற்றுக்கும் டாக்சிக்கும் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பயணம் அந்தத் தலைமுறை ஓவியர்களைத் தேடித்தான். இவர்களைப் பற்றி எழுதும் எல்லோரும் ‘கிழக்கையும் மேற்கையும் கலந்தவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. கலப்பது அவர்களுக்குப் புதிய வேலையே இல்லை. 1952-ல் ஒன்றாகப் பாலிக்குப் போன நால்வர் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங். நால்வருமே ஷாங்காயின் சின்ஹுவா கலைக் கல்லூரியில் படித்தவர்கள். அந்தக் காலத்து ஷாங்காய்க் கலைக் கல்லூரிகளில் ஒரு வகுப்பில் மைத்தூரிகை, அடுத்த வகுப்பில் தைல வண்ணம். கிழக்கும் மேற்கும் அங்கேயே சந்தித்தாயிற்று. இங்கே வந்தபின் சேர்ந்தது மூன்றாவது ஒன்று. ‘நன்யாங்’ என்ற சொல்லுக்கே தென்கடல் என்றுதான் பொருள். அந்தத் தெற்கு ஓவியத்தில் எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆறு நாள் வேலை.

சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்துக்கு நகர மண்டப எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 2015-ல் திறந்தது. பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்துக் கட்டியது. வெளிநாட்டவருக்கு நுழைவுக்கட்டணம் இருபது வெள்ளி அளவில். உள்ளே குளிர் எலும்பைத் தொடும். வெளியே மதியம் இரண்டு மணிக்கு இடியோடு மழை. நனைந்த சட்டையோடு உள்ளே போனால் அரை மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும், பையில் ஒரு சால்வை இருக்கட்டும். காகிதத்தில் வரைந்தவற்றை வெளிச்சம் தின்றுவிடும். அதனால் பொதுவாகவே கலைக்கூடங்கள் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவிலேயே மங்கலாக விளக்கு வைக்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து உள்ளே வைத்துவிடும். குறிப்பிட்ட ஒரு மை ஓவியத்துக்காகவே போவதானால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். தைல ஓவியங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

நேராகப் போய் நிற்க வேண்டியது லியூ காங்கின் ‘ஓவியரும் மாதிரிப் பெண்ணும்’ முன்னால். 1954-ல் கித்தானில் தைல வண்ணத்தில் வரைந்தது. பாலியில் ஒரு பெண்ணைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பவர் சென் வென் ஷி. லியூ காங் 1929 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் இருந்தவர். தட்டையான வண்ணப் பரப்பும் அதைச் சுற்றி வரப்புப் போட்டதுபோன்ற புறக்கோடும் பிரெஞ்சு ஓவியர் கோகன் வழி வந்தவை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கோடு என்ன நிறம் என்று பாருங்கள். பாரிஸ்காரர்கள் வரப்புக் கட்டியது கறுப்பிலும் கருநீலத்திலும். சீனத் தூரிகையின் கோடும் கறுப்பு. கிழக்கு, மேற்கு இரண்டும் கறுப்பைக் கொடுத்த இடத்தில் இவர் வெள்ளையை வைத்திருக்கிறார். மெழுகால் கோடிட்டுச் சாயத்தில் முக்கும் பத்திக் துணியில் மெழுகு காத்து நின்ற இடம் வெள்ளையாக மிஞ்சுமே, அந்த வெள்ளை.

அறைக் காவலராக இருந்த வயதான மலாய்க்காரர் ஒருவர், அதே இடத்தில் வெகுநேரம் நிற்பவர்களிடம் தாமாகவே வந்து, “பக்கவாட்டில் நின்று பாருங்கள், விளக்கு கண்ணில் அடிக்காது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னது சரி. நேராக நின்றால் மேல்பூச்சின் பளபளப்பு கோட்டை மறைக்கிறது.

இரவு கோப்பிக் கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’. கோப்பி மலாய்ச் சொல். ‘ஓ’ ஹொக்கியன் என்ற சீன வழக்கில் கறுப்பு. கோசோங் மறுபடி மலாய், வெறுமை என்று பொருள், அதாவது சீனி வேண்டாம். விலை ஒரு வெள்ளி அறுபது காசு. குடித்து முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். மறந்து எழுந்தால் பக்கத்து மேசைக்காரர் கண்ணாலேயே காட்டிவிடுவார்.

நவம்பர் 7, வெள்ளி. பிராஸ் பசா

மை, தூரிகை, காகிதம் விற்கும் கடைகள் பிராஸ் பசா காம்பிளெக்ஸில் இருக்கின்றன. இன்றைய நாள் வீணானதும் அங்கே வாங்கிய காகிதத்தால்தான்.

‘அரிசிக் காகிதம்’ என்ற பெயர் ஆளை ஏமாற்றும். அது ஷுவான் காகிதம். அன்ஹுய் மாகாணத்தில் நீலச் சந்தனம் என்று அழைக்கும் ஒரு மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் கூழாக்கிச் செய்வது. அதில் இரண்டு வகை. ‘பச்சை’க் காகிதம் எதுவும் பூசாதது, மை பட்டதும் உறிஞ்சிப் பரவும். ‘வெந்த’ காகிதம் படிகாரமும் பசையும் கலந்த நீர் பூசியது, மை மேலேயே நிற்கும். கடையில் கேட்டது பச்சை, கட்டிக் கொடுத்தது வெந்தது. பத்துத் தாள், ஒவ்வொன்றும் 69-க்கு 138 சென்டிமீட்டர், இருபத்தெட்டு வெள்ளி. உறையின் மேலிருந்த சீன எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்கள் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்: தாளின் மூலையில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே கறுத்து உள்ளே இறங்கினால் பச்சை. முத்துபோல் நின்றால் வெந்தது. கடைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், சென் வென் ஷியின் கிப்பன்களே அந்த உறிஞ்சலில்தான் உயிரோடு இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டுத் துறவி மூச்சி வரைந்த கிப்பன், கியோத்தோவின் தைதோகுஜி கோயிலில் இருக்கிறது. அதன் அச்சுப் பிரதியைப் பார்த்துத்தான் இவர் தொடங்கினார். பிறகு வீட்டிலேயே கிப்பன் வளர்த்து அதன் தாவலையும் தொங்கலையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். உயிருள்ள மாதிரியை வைத்து வரைவது மேற்கின் பள்ளி தந்த பழக்கம். கை மட்டும் சீனம்.

இப்படிக் கிப்பன் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் முகத்தைச் சுற்றியுள்ள வெளிறிய வளையம், கண், மூக்கு. இவை சிறிய, விறைப்பான மயிர்த் தூரிகையால். அடுத்து பெரிய ஆட்டுமயிர்த் தூரிகை. முழுவதும் நடுச்சாம்பல் மை, நுனியில் மட்டும் கெட்டி மை. தோளிலிருந்து முழங்கை ஓர் இழுப்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு இன்னோர் இழுப்பு. நடுவில் தூக்கினால் கை ஒடிந்துவிடும். ஈரம் முழுதாகக் காயும் முன், தூரிகையைத் துணியில் ஒற்றி, மயிரை விரித்து, உடலின் விளிம்பில் உலர்ந்தபடி தட்டினால் ரோமம் எழும். முன்கூட்டிப் புறக்கோடு போடக் கூடாது, போட்டால் குரங்கு பொம்மையாகிவிடும். வெந்த காகிதத்தில் இதெல்லாம் பலிக்காது. இன்று போட்ட மூன்று தாளிலும் மை குட்டையாய்த் தேங்கி, காய்ந்தபின் ஓரத்தில் கறுப்பு வளையம் கட்டிவிட்டது.

இந்த ஊர் ஈரத்துக்கு இன்னும் சில விதிகள் உண்டு. பச்சைக் காகிதம் காற்றின் ஈரத்தையும் குடித்து வைத்திருக்கும். அதனால் மை இயல்பைவிட அகலமாகப் பரவும். தண்ணீரைக் குறைத்து மையைக் கெட்டியாக்குங்கள். இழைத்த மை மிச்சமிருந்தால் மறுநாளைக்கு வைக்காதீர்கள். அதிலிருப்பது விலங்குப் பசை, இந்தச் சூட்டில் ஒரே இரவில் நாறிவிடும். மைக்கட்டியை இழைத்த பின் துடைத்து நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். பின்தாள் ஒட்டுவது கோதுமை மாவுப் பசையில். அதுதான் பூஞ்சைக்கு முதல் விருந்து. கண்ணாடிச் சட்டம் போட்டால் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடுங்கள், மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். ஷாங்காயில் கற்ற கை இங்கே வந்து முதலில் போராடியது தத்துவத்தோடு அல்ல, இந்த ஈரத்தோடு.

இரண்டாவது போராட்டம் மரங்களோடு. சீன மலைக்கு ‘சணல்நார்’க் கோடு, ‘கோடரி வெட்டு’க் கோடு என்று நூற்றாண்டுப் பழக்கமுள்ள தீற்றல்கள் உண்டு. பைனுக்கு உண்டு, மூங்கிலுக்கு உண்டு. தென்னைக்கு? மூங்கில் இலைத் தீற்றலையே தென்னங்கீற்றுக்குப் போட்டால், பார்ப்பவர் மூங்கில் என்றுதான் சொல்வார். தென்னையில் நடு ஈர்க்கு முதலில் வளைய வேண்டும், காற்றடிக்கும் பக்கத்து இலைகள் சரிய வேண்டும், முற்றிய மட்டை தொங்க வேண்டும். சென் சோங் சுவீ தென்னையையும் அத்தாப்பு ஓலைக் குடிசையையும் மீனவர்களையும் மைத்தூரிகைக்குள் கொண்டுவந்தது அதனால்தான் பெரிய காரியம். நால்வரில் இவருக்குத்தான் பேர் குறைவு. அது நியாயமாகப் படவில்லை.

இரவு தியோச்சூ கஞ்சி. சென் வென் ஷி, சென் சோங் சுவீ இருவருமே தென்சீனத்துத் தியோச்சூ வட்டாரத்துக்காரர்கள். வெள்ளைக் கஞ்சி, உப்பு முட்டை, முள்ளங்கி ஊறுகாய் போட்ட ஆம்லெட், ஆவியில் வெந்த மீன், ஒன்பது வெள்ளி. சோறு நம் கஞ்சிபோல் குழைவதில்லை, மணி மணியாக நீரில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்குக் ‘காஞ்ஜி’ என்று பெயர். அது தமிழிலிருந்து போன சொல். கடைக்கார அம்மா காசை இரண்டு கையாலும் வாங்கி, மிச்சத்தை இரண்டு கையாலும் தந்தார்.

நவம்பர் 8, சனி. பென்கூலன், தேக்கா

நன்யாங் நுண்கலைக் கழகம் இன்று பென்கூலன் தெருவில் உயர்ந்த கட்டடங்களில் இருக்கிறது. சியாமெனிலிருந்து வந்த லிம் ஹாக் தாய் 1938-ல் அதைத் தொடங்கியது கேலாங் சாலையில். ஜப்பானியர் காலத்தில் மூடி, 1946-ல் மறுபடி திறந்தார்கள். பாலிக்குப் போன நால்வரில் சியோங் சூ பியெங், சென் வென் ஷி, சென் சோங் சுவீ மூவரும் இங்கே பாடம் சொன்னவர்களே.

பாடம் சொன்னவர்களில் இன்னொருவர் ஜார்ஜெட் சென். பாரிஸில் வளர்ந்தவர், 1950-களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்தவர். இவருடைய தைல ஓவியத்தில் வெள்ளைக் கோடும் கிடையாது, மைத்தூரிகையும் கிடையாது. பிரெஞ்சு ஓவியர் செசான் மேசைமேல் ஆப்பிளை வைத்த இடத்தில் இவர் ரம்புத்தானையும் நிலாத் திருவிழா அப்பத்தையும் வைத்தார். கலப்பு இவரிடம் கோட்டில் நடக்கவில்லை, மேசையில் நடந்தது. மலாய் கற்றுக்கொண்டு, தம் பெயரிலிருந்தே ‘செந்தானா’ என்று ஒரு மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். செந்தானா என்றால் மலாயில் சந்தனம்.

அங்கிருந்து லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்கு நடை தூரம்தான். “இங்கயா, தாப்பாவ்வா அண்ணே?” என்று, இங்கே சாப்பிடவா கட்டிக்கொண்டு போகவா எனத் தமிழில் கேட்டு இரண்டு வடையும் டீயும் தந்தார் கடைக்காரத் தம்பி. மூன்று வெள்ளி எண்பது காசு. பக்கத்திலிருக்கும் எருமைச் சாலை, பெயருக்கு ஏற்றபடியே, மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்த வட்டாரம். சியோங் சூ பியெங் இரண்டு மாடுகளோடு இந்தியர்களை 1949-ல் வரைந்திருக்கிறார். சீனாவிலிருந்து வந்து சில வருடங்களே ஆனவர், சுற்றி நடந்து பார்த்ததை உடனே வரையத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அது சாட்சி.

மதியத்துக்கு மேல் மறுபடி மழை. வேறெதுவும் நடக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு. சானூர், பாலி

1952 ஜூனில் புறப்பட்ட நால்வரும் ஜாவா வழியாக இங்கே வந்தார்கள். மொத்தம் ஏழு வாரம். சானூர் கடற்கரையில் பெல்ஜியத்து ஓவியர் லெ மேயரின் வீட்டுக்கும் போனார்கள். 1932-ல் பாலிக்கு வந்து, லெகோங் நடனமணி நி பொல்லோக்கை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். போர்க்காலத்தில் கித்தான் கிடைக்காதபோது ‘பாகோர்’ எனும் பனைநார்ச் சாக்கில் வரைந்திருக்கிறார். அந்தச் சொரசொரப்பில் தூரிகை பிடிக்காமல் வண்ணம் புள்ளி புள்ளியாக விழுந்திருப்பதைக் கிட்டே போனால் பார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே கடல். உப்புக் காற்றும் பழைய வண்ணமும் ஒரே அறையில் இருப்பது மனதைக் கஷ்டப்படுத்துகிறது.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. லெ மேயரும் சரி, சிங்கப்பூர்க்காரர்களும் சரி, பாலியைப் பெண்களும் பூவும் நிறைந்த சொர்க்கமாகவே வரைந்தார்கள். அதே 1950-களில் சிங்கப்பூரிலேயே, சீனாவின் சாந்தோவில் பிறந்த சுவா மியா டீ போன்ற இளையவர்கள் தொழிலாளிகளையும் மாணவர்களையும் வரைந்துகொண்டிருந்தார்கள். 1959-ல் அவர் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ தேசிய கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பாலி ஓவியங்களைப் பார்த்த கையோடு அதையும் பார்ப்பது நல்லது.

வெயில் கொளுத்துகிறது. நடைபாதை முழுக்கத் தென்னங்குருத்து ஓலைத் தட்டில் பூவும் அரிசியும் ஊதுபத்தியும் வைத்த ‘சனாங்’ படையல்கள். தெரியாமல் ஒன்றை மிதித்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துக் கடைக்காரர் திட்டவில்லை, சிரித்துவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்து வைத்தார். சாப்பாடு நாசி சம்புர், அதாவது சோறும் பல தொடுகறிகளும், 35,000 ரூப்பியா. தேங்காயோடு அரைத்த மீனை எலுமிச்சைப் புல் தண்டில் பிடித்துச் சுட்ட சாத்தே லிலிட் ஒன்றுக்காகவே இன்னொரு தட்டு வாங்கலாம்.

நவம்பர் 10, திங்கள். குளுங்குங், கமாசான்

குளுங்குங் அரண்மனையின் கெர்த்தா கோசா மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க ஓவியம். பீமன் நரகத்துக்குப் போய்த் தன் தந்தை பாண்டு, சிற்றன்னை மாத்ரி இருவரின் உயிரை மீட்கும் கதை. கழுத்து வலிக்கும், தூணில் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். உருவங்கள் தோல்பாவை நிழற்கூத்திலிருந்து இறங்கி வந்தவை: தட்டை, முக்கால்வாசி திரும்பிய முகம், மெலிந்து நீண்ட கை. பண்புள்ளவனுக்கு வாதுமை வடிவில் சன்னமான கண், முரடனுக்கு உருண்டைக் கண்.

சூ பியெங்கின் பெண்கள் இங்கே புரிகிறார்கள். அந்த நீண்ட கை, நீண்ட கழுத்து, வாதுமைக் கண்ணை இத்தாலிய ஓவியர் மோதில்யானியிடம் தேடுகிறவர்கள் உண்டு. மோதில்யானியும் இருக்கலாம். ஆனால் உடலைத் தட்டையாக்கி, விரலை நீட்டி, முகத்தை உணர்ச்சியற்று வைப்பது பாவைக்கூத்தின் இலக்கணம். 1959-ல் மையும் குவாஷும் (நீரில் கரையும் அடர்ந்த வண்ணம்) கொண்டு காகிதத்தில் அவர் வரைந்த ‘வெப்பமண்டல வாழ்வு’ என்ற ஓவியத்தில் இது முழுதாகத் தெரியும்.

பக்கத்திலேயே கமாசான் கிராமம். பரம்பரையாகத் துணியில் இந்தப் படங்களை எழுதும் வீடுகள். துணியை அரிசிக் கஞ்சியில் முக்கி, வெயிலில் காயவைத்து, சோழியால் மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். நம் ஊரில் வேட்டிக்குக் கஞ்சி போடுவதே இங்கே ஓவியத்துக்கு முதல் வேலை. தேய்க்காமல் விட்டால் மை நூலோடு ஓடிவிடும் என்று அந்த வீட்டுப் பாட்டி தேய்த்த பக்கத்திலும் தேய்க்காத பக்கத்திலும் ஒவ்வொரு கோடு இழுத்துக் காட்டினார். தேய்க்காத பக்கத்துக் கோடு கம்பளிப்பூச்சிபோல் ஆயிற்று. வெள்ளிக்கிழமை பிராஸ் பசாவில் வீணான மூன்று தாளுக்கும் காரணம் இதே விஷயம்தான், தலைகீழாக.

நவம்பர் 11, செவ்வாய். பத்திக் பட்டறை

பத்திக்கின் தாய்வீடு ஜாவா. பாலியிலும் பட்டறைகள் உண்டு. அரைநாள் கற்றுத்தர 250,000 ரூப்பியா வாங்கினார்கள், துணி நமக்கே.

கருவியின் பெயர் சாந்திங். மூங்கில் பிடி, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு செம்புக் கிண்ணம், அதிலிருந்து மெல்லிய மூக்கு. தேன்மெழுகையும் பாரஃபினையும் சேர்த்து உருக்கி அதில் மொள்ள வேண்டும். எல்லாமே சூட்டில் இருக்கிறது. மெழுகு ஆறியிருந்தால் துணியின் மேலேயே வெளுப்பாக உட்காரும், பின்பக்கம் இறங்காது, சாயம் அடியால் புகுந்து கோட்டைத் தின்றுவிடும். அதிகம் காய்ந்திருந்தால் எண்ணெய்போல் ஓடி, கோடு இரண்டு மடங்கு தடிக்கும். சரியான சூட்டில் கோடு தேன்நிறத்தில் ஊடுருவித் தெரியும். துணியைத் திருப்பிப் பார்த்து, இறங்காத இடத்தில் பின்பக்கமிருந்தும் மெழுகிட வேண்டும். சாயம் குளிர்ந்ததாகவே இருக்க வேண்டும், வெந்நீர்ச் சாயம் மெழுகை உருக்கிவிடும்.

கற்றுத்தந்த அக்காவுக்கு ஆங்கிலம் பத்துச் சொல்தான். கை நடுங்கியபோது மணிக்கட்டுக்கு அடியில் தம் உள்ளங்கையை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். கோடு நேரானது. மூக்கு அடைத்துக்கொண்டால் தேங்காய் நாரில் ஒரு இழையை உள்ளே விட்டு எடுத்தார்.

இங்கே வந்தபின்தான் லியூ காங்கின் 1954-ன் அந்த ஓவியத்தில் இருந்த துணிச்சல் தெரிகிறது. பத்திக்கில் கோட்டை முதலில் போட்டுவிட்டுத்தான் வண்ணம். கோடு என்பது வண்ணம் தொடாத இடம். சீன மை ஓவியத்திலும் காகிதத்தின் வெறுமையை மூடுபனியாக, நீராக விட்டுவைப்பது பழைய பழக்கம். ஆனால் அந்த வெறுமை பரப்பு, கோடு அல்ல. லியூ காங் பாலியிலிருந்து கொண்டுபோனது ஓவியக் கட்டும் புகைப்படங்களும். அவற்றை வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து, பாரிஸ் தைல வண்ணத்தில், வெறுமையையே கோடாக்கினார்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சாயத்திலிருந்து எடுத்த துணியைக் கொதிக்கும் பானையில் போட்டு அக்கா கோலால் கிண்டினார். மெழுகு மேலே மிதந்து வந்தது, அதை மறுபடி பயன்படுத்த வழித்து எடுத்துக்கொண்டார். துணியைத் தூக்கிப் பிடித்தபோது கருநீலத்தின் நடுவே வெள்ளைக் கோடு. இரண்டு இடத்தில் மெழுகு விரிசல் விட்டு, நீலம் மயிரிழையாக உள்ளே போயிருந்தது. அந்த இரண்டு இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, “பாகுஸ்” என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.